வணிகர் சொன்னதும் அதிகாரி எழுதியதும்: வளைகுடா ஷேக் ஆட்சிகள் பற்றிய பிரிட்டிஷ் ஆவணங்கள்

குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் சிற்றாட்சிகள், அவற்றுக்கு அப்பால் மஸ்கட். பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையிலுள்ள இந்தத் துறைமுகங்களின் வரலாற்றை யார் எழுத உட்கார்ந்தாலும் முதலில் புரட்டுவது பிரிட்டிஷ் அதிகாரிகளின் கோப்புகளைத்தான். வேறு வழி அதிகம் இல்லை. ஷேக்கின் மஜ்லிஸில், அதாவது அவையில், பேசி முடிவானவற்றில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகள் பல அழிந்துபோயின. மிஞ்சியவை அந்தந்த வீட்டார் வசம் இருக்கின்றன. முத்துக்குளித்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். 1820க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்தக் கரையைக் கண்காணித்த அதிகாரிகளின் நாட்குறிப்பும் ஆண்டறிக்கையும் கடிதப் போக்குவரத்தும்தான் இந்த இடைவெளியை நிரப்பி நிற்கின்றன.

இவற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அதிகாரி எழுதியதை நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொள்வோர் ஒரு பக்கம். ஏகாதிபத்தியத்தின் கட்டுக்கதை என்று மொத்தமாகத் தள்ளிவைப்போர் மறுபக்கம். இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றன. கையெழுத்து அதிகாரியுடையது என்றாலும் செய்தியில் பெரும்பங்கு உள்ளூர் வணிகர்கள் கொடுத்தது. வணிகருக்குத் தெரிந்ததும் அவர் சொல்ல விரும்பியதும் கோப்பில் ஏறின. அவர் சொல்லாமல் விட்டது ஏறவில்லை. இந்த ஆவணங்களின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சியை இந்தக் கோணத்தில் தொகுத்துப் பார்க்க முயல்கிறேன்.

பூஷஹரிலிருந்து ஒரு பார்வை

கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் பாரசீகக் கரையிலுள்ள பூஷஹர் துறைமுகத்தில் பண்டகசாலை ஒன்றைத் திறந்தது. காலப்போக்கில் அங்கிருந்த கம்பெனி அதிகாரியே வளைகுடா முழுவதற்கும் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது அரசியல் பிரதிநிதி ஆனார். அரபு ஷேக்குகளைக் கவனிக்க வேண்டியவர் கடலுக்கு எதிர்க்கரையில், ஈரானில் குடியிருந்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரெசிடென்சி பஹ்ரைனுக்கு இடம் மாறியது 1946இல்தான். ரெசிடென்ட் 1873 வரை பம்பாய் அரசின் கீழும், அதன்பின் 1947 வரை இந்திய அரசின் கீழும் இயங்கினார். துறைமுகங்களில் புழங்கியது இந்திய ரூபாய். அஞ்சல் நிலையங்களை நடத்தியது இந்திய அஞ்சல் துறை. பிரிட்டிஷ் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் மீதான வழக்குகளுக்கு இந்தியச் சட்டத் தொகுப்புகளே பயன்பட்டன. லண்டன் பார்த்ததைவிடப் பம்பாயும் கல்கத்தாவும் சிம்லாவும் பார்த்ததே இந்தக் கோப்புகளில் அதிகம்.

அந்தப் பார்வையின் தொடக்கத்தில் ஒரு போர் இருக்கிறது. 1819 இறுதியில் பம்பாயிலிருந்து கிளம்பிய கம்பெனிப் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்தது. அடுத்த ஆண்டே கரையோர ஷேக்குகள் பொது உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். 1835இல் முத்துக்குளிப்புப் பருவத்துக்கான கடல் சமாதானமும் 1853இல் நிரந்தரக் கடல் சமாதானமும் ஏற்பட்டன. 1892இல் ஷேக்குகள் வேறு எந்த அரசுடனும் உறவு கொள்வதில்லை, நிலம் விட்டுக்கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். குவைத்தின் முபாரக் 1899இல் இதேபோன்ற ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 15,000 ரூபாய் பெற்றார். கத்தார் 1916இல் சேர்ந்தது.

ராஸ் அல் கைமாவை அழித்ததற்குச் சொன்ன காரணம் அல் காசிமி குலத்தாரின் கடற்கொள்ளை. பம்பாய் அரசின் செயலர் ஃபிரான்சிஸ் வார்டன் தொகுத்த வரலாற்றுக் குறிப்பு இந்தக் குற்றச்சாட்டுக்கு முதுகெலும்பாயிற்று. 1856இல் வெளிவந்த பம்பாய் அரசு ஆவணத் தொகுதியில் அது அச்சேறியது. பின்னால் எழுதிய அதிகாரிகள் எல்லோரும் அதையே எடுத்தாண்டார்கள். அதே குலத்தில் வந்த சார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி, பம்பாய் ஆவணங்களையே தோண்டி எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, அரபுக் கடற்கொள்ளை என்பது கட்டுக்கதை என்று 1986இல் நூல் வெளியிட்டார். இந்திய வணிகத்தில் அரபுக் கப்பல்களின் பங்கைப் பறிக்கக் கம்பெனி கிளப்பிய பழி அது என்பது அவர் வாதம். ஜே.பி. கெல்லி 1968இல் எழுதிய பெருநூல் இதற்கு நேர் எதிர். அதிகாரிகளின் வாதத்தை ஏறக்குறைய முழுதாக ஏற்கிறது. 1997இல் சார்லஸ் டேவிஸ் சம்பவங்களைத் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்தார். தாக்குதல்கள் நடந்தன, ஆனால் அவற்றின் காரணங்கள் ஒரே மாதிரி இல்லை, எல்லாவற்றையும் ஒரு குலத்தின் தலையில் கட்ட முடியாது என்ற நிலைக்கு அவர் வருகிறார். எனக்கு டேவிஸின் வழியே சரியாகப் படுகிறது. ஒரு தொகுப்பு அச்சில் வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டு அதிகாரிகள் அதைக் கேள்வி கேட்காமல் படியெடுப்பார்கள் என்பதை அம்பலப்படுத்திய பெருமை அல் காசிமியைச் சேரும்.

முகவர்கள்

வளைகுடாவில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் எண்ணிக்கை எப்போதுமே சொற்பம். பஹ்ரைனில் 1900 வரை ஒரு வெள்ளைக்கார அதிகாரிகூட நிரந்தரமாகத் தங்கவில்லை. குவைத்துக்கு 1904இல்தான் அரசியல் முகவர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்தார். இன்று துபாயும் அபுதாபியும் இருக்கும் கரையில் 1930களின் கடைசி வரை அப்படி யாரும் இல்லை. கோடையின் வெக்கையும் ஈரப்பதமும் தாங்காமல் ரெசிடென்டின் கப்பல் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் அந்தப் பக்கம் வரும். ஷேக்குகள் படகேறிப் போய்க் கப்பலில் அவரைச் சந்திப்பார்கள்.

அப்படியானால் அன்றாடச் செய்தி எங்கிருந்து வந்தது? 1820களிலிருந்து 1949 வரை சார்ஜாவில் இருந்தது உள்ளூர் முகவர் ஒருவரின் அலுவலகம். பஹ்ரைனிலும் அப்படியே. பஹ்ரைனில் தொடக்கத்தில் இந்து வணிகர்கள் அந்தப் பொறுப்பைப் பார்த்தார்கள். பிறகு பூஷஹர், மனாமா, பம்பாய் என்று கிளை பரப்பியிருந்த சஃபர் குடும்பத்தார் நெடுங்காலம் வகித்தார்கள். அவர்களில் கடைசியானவர் ஆகா முகம்மது ரஹீம் 1900 வரை பதவியில் இருந்தார். இந்த முகவர்களின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஆன்லியின் 2007ஆம் ஆண்டு நூல்தான் இத்துறையில் என் மதிப்பில் முதலிடத்தில் நிற்பது. அதைப் படித்தபின் பழைய அறிக்கைகளை முன்புபோல் படிக்க முடியாது.

ஆன்லி காட்டும் ஏற்பாடு இதுதான். சம்பளம் அற்பம். ஆனால் முகவராக இருக்கும் வணிகருக்குப் பிரிட்டிஷ் பாதுகாப்பு உண்டு. அவர் சரக்கை ஷேக்கின் ஆட்கள் எளிதில் தொட மாட்டார்கள். வராத கடனை வசூலிக்க ரெசிடென்டின் பெயரே போதும். கம்பெனிக்கு என்ன லாபம் என்றால், அரபியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் தெரிந்த, எல்லாத் துறைமுகத்திலும் உறவினரும் கணக்குப்பிள்ளையும் வைத்திருக்கும் ஒருவர், தன் வணிகக் கடிதங்களோடு அரசியல் செய்தியையும் சேர்த்துத் தந்தார். விருந்தினரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். ஷேக்குகளின் சண்டையில் நடுவராகவும் போனார்.

ஒரு செய்தி பயணம் செய்யும் வழியைக் கூர்ந்து பார்க்கலாம். அஜ்மானில் ஒரு நகுதாவின், அதாவது படகுத் தலைவரின், படகு பிடிபட்டது என்று வைத்துக்கொள்வோம். நகுதா சார்ஜா முகவரிடம் வந்து முறையிடுகிறார். அவர் முகவருக்கே கடன்பட்டவராகவும் இருக்கலாம். முகவர் அரபியில் கடிதம் எழுதிப் பூஷஹருக்குப் போகும் கப்பலில் அனுப்புகிறார். ரெசிடென்சியின் எழுத்தரான முன்ஷி அதை ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். ரெசிடென்ட் அதைச் சுருக்கி, தன் கருத்தைச் சேர்த்து, மேலே அனுப்புகிறார். பல ஆண்டு கழித்து பம்பாய் மாகாணப் பணியைச் சேர்ந்த ஜே.ஏ. சல்தானா, வைஸ்ராய் கர்சன் காலத்தில் இட்ட பணியின்படி பழைய கோப்புகளையெல்லாம் படித்து நாடுவாரியாகச் சாரம் தொகுக்கிறார். அந்தச் சாரத்தை வைத்து லாரிமர் என்ற அதிகாரி தன் வளைகுடாக் களஞ்சியத்தில் ஒரு வரி எழுதுகிறார். இன்று ஆய்வாளர் மேற்கோள் காட்டுவது அந்த ஒரு வரியை. முகவருக்கும் நகுதாவுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முதல் கடிதத்திலேயே விடுபட்டிருந்தால், பிறகு எந்த நிலையிலும் அது உள்ளே வர வழியில்லை.

சார்ஜாவில் கான் பகதூர் அப்துல் லத்தீஃபும், அவருக்குப் பின் அவர் மகன் ஈசாவும் 1890 முதல் 1935 வரை முகவர்களாக இருந்தார்கள். தந்தையும் மகனுமாக நாற்பத்தைந்து ஆண்டுகள்! முத்து வணிகத்திலும் கடன் கொடுப்பதிலும் ஊறிய குடும்பம். 1932இல் சார்ஜாவில் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இறங்க இடம் கேட்டுப் பேச்சு நடந்தபோது ஈசாவைத் தாண்டி எதுவும் நகரவில்லை. அந்தக் கால ஷேக்குகளைப் பற்றிக் கோப்பில் இருக்கும் நல்லவர், கெட்டவர், பலவீனர் என்ற மதிப்பீடுகளைப் படிக்கும்போது, இந்தக் குடும்பத்தோடு அந்த ஷேக்கின் உறவு எப்படி இருந்தது என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

லாரிமரின் களஞ்சியம்

வைஸ்ராய் கர்சன் 1903 நவம்பரில் போர்க்கப்பல்கள் புடைசூழ வளைகுடாவைச் சுற்றிவந்தார். சார்ஜாவுக்கு எதிரே கடலில் கப்பல் தளத்தில் ஷேக்குகளைக் கூட்டி தர்பார் நடத்தினார். ஜெர்மனி, ரஷ்யா, பிரான்சு ஆகியவற்றின் நடமாட்டம் இந்திய அரசை உறுத்திக்கொண்டிருந்த நேரம். அதிகாரிகள் கையில் வைத்துக்கொள்ள ஒரு நூல் வேண்டும் என்று ஐ.சி.எஸ். அதிகாரி ஜான் கார்டன் லாரிமரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. புவியியல், புள்ளிவிவரப் பகுதி 1908இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. வரலாற்றுப் பகுதி 1915இல் வந்தது. லாரிமர் அதைப் பார்க்கவில்லை. 1914இல் பூஷஹரில் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்துபோனார். ஏறக்குறைய 5,000 பக்கங்கள். அரைநூற்றாண்டு காலம் அதிகாரிகள் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியவில்லை.

நூலைத் திறப்பவர் மலைத்துப்போவார். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, எந்தக் குலம், எத்தனை பேரீச்சை, கிணற்றுநீர் எந்த ஆழத்தில், எத்தனை ஒட்டகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பஹ்ரைனின் முத்துப் படகுகள் 917, ஆட்கள் 17,633 என்கிறது. தலை எண்ணியதுபோல் தோன்றும் இந்தத் தொகை, ஊர் ஊராக உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுச் சேர்த்த மதிப்பீடு. ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும். அதன்மேல் கணக்குப் போட்டு மாளிகை கட்டக்கூடாது.

லாரிமரின் நூலும் அதையொட்டிய ஆண்டறிக்கைகளும் எதைச் சரியாகப் பிடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை அதிகாரிகள் நன்றாகவே கவனித்தார்கள். பாரசீக அரசு புதிய சுங்க நிர்வாகத்தைக் கொண்டுவந்து 1902ஐ ஒட்டி வரியை இறுக்கியதும் லிங்கா துறைமுகத்து வணிகர்கள் துபாய்க்குக் கிளம்பிவந்ததையும், துபாயின் ஷேக் மக்தூம் பின் ஹஷர் வரியைக் குறைத்து அவர்களை ஈர்த்ததையும், நீராவிக் கப்பல்கள் துபாயில் நிற்கத் தொடங்கியதையும் இந்த அறிக்கைகள் ஆண்டுக்காண்டு பதிவு செய்கின்றன. துபாயின் எழுச்சி எண்ணெயால் வந்தது என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். எண்ணெய்க்கு அறுபது ஆண்டு முன்பே அந்த ஊர் வளைகுடா மறுஏற்றுமதியின் முக்கிய மையமாகிவிட்டது.

அதே துபாயில் 1910 டிசம்பரில் நடந்தது வேறு. ஆயுதக் கடத்தலைத் தேடி ‘ஹையசிந்த்’ என்ற போர்க்கப்பலின் சிப்பாய்கள் இறங்கி வீடுகளைச் சோதனையிட, சண்டை மூண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட துபாய்வாசிகள் இறந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பிலும் சிலர் மாண்டார்கள். ரெசிடென்ட் பெர்சி காக்ஸ் ஷேக் புத்தி மீது 50,000 ரூபாய் அபராதம் விதித்து, 400 துப்பாக்கிகளையும் கேட்டார். துறைமுகத்தின் ஒவ்வொரு மூட்டையையும் கணக்கெடுத்த நிர்வாகத்துக்கு, விடியற்காலையில் அந்நியச் சிப்பாய்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அந்த ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருக்கவில்லை.

கடனும் முத்தும்

முத்து வணிகத்தைப் பற்றி அதிகாரிகள் எழுதிக் குவித்தார்கள். இருந்தும் அதன் உயிர்நிலையான கடன், நெடுங்காலம் அவர்கள் கண்ணில் அரைகுறையாகவே பட்டது.

பம்பாய் முத்து வணிகரிடமிருந்து பணம் கிளம்புகிறது. அது வளைகுடாத் துறைமுகத்தின் பெரிய முதலாளிக்கும், அவரிடமிருந்து நகுதாவுக்கும், நகுதாவிடமிருந்து மூழ்குபவருக்கும் கயிறு இழுப்பவருக்கும் முன்பணமாக இறங்குகிறது. கடலுக்குப் போகுமுன் ஒரு முன்பணம், கடலில்லாத மாதங்களுக்கு இன்னொன்று. பருவம் முடிந்து முத்து விற்றதும் பங்கில் கடன் கழியும்; பெரும்பாலும் முழுதாகக் கழியாது. அடுத்த ஆண்டும் அதே நகுதாவோடு போயாக வேண்டும். இறந்தால் கடன் மகன்மீது விழும். கணக்கு நகுதாவின் வாயிலும் அவருடைய ஏட்டிலும் மட்டுமே.

மன்னார் வளைகுடாவை அறிந்த தமிழ் வாசகருக்கு இது வேறாகத் தெரியும். தூத்துக்குடியிலும் இலங்கையின் மரிச்சுக்கட்டியிலும் முத்துப்பார் அரசுடைமையாக இருந்தது. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, எப்போது என்று அரசு அறிவித்தது. இலங்கையில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவருக்கு. அரசின் பங்கு அன்றன்றே ஏலம் போனது. 1900களின் தொடக்கத்தில் நடந்த சலாபங்களுக்கு வளைகுடா அரபிகளும் கப்பலேறி வந்து தமிழ் முத்துக்குளிப்பவர்களோடு சேர்ந்து மூழ்கினார்கள். ஆகவே பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு அரசே நடத்தும் ஏற்பாடு தெரியாததல்ல. வளைகுடாவில் அதைக் கொண்டுபோகவில்லை. பார்கள் எந்த ஒரு ஷேக்குக்கும் சொந்தமில்லை, கரைவாசிகள் எல்லோருக்கும் பொது என்ற வழக்கத்தை மதித்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் நுழையாதபடி 1911இல் பஹ்ரைன், குவைத் ஷேக்குகளிடம் உறுதி வாங்கினார்கள். வெளியாரைத் தடுத்தார்கள், உள்ளே இருந்த கடனைத் தொடவில்லை.

தொட்டது 1923இல், பஹ்ரைனில். அரசியல் முகவர் மேஜர் கிளைவ் டேலியின் நெருக்குதலில் முதிய ஷேக் ஈசா பின் அலி ஒதுங்கி, மகன் ஹமது பொறுப்பேற்றார். மூழ்குபவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் கொடுத்தார்கள். முன்பணத்துக்கு வரம்பு கட்டினார்கள். 1926 முதல் ஆலோசகராக இருந்த சார்லஸ் பெல்கிரேவ் அதைத் தொடர்ந்தார். முத்துக்குளிப்பவரைக் காக்கத்தான் இந்தச் சீர்திருத்தம். ஆனால் முன்பணம் குறைந்தபோது தெருவுக்கு வந்து கலகம் செய்தவர்கள் முத்துக்குளிப்பவர்களே. 1932 கலகம் அவற்றில் பெரியது. வட்டிக் கணக்கைப் பார்த்த அதிகாரிக்கு முன்பணம் என்பது கடன். முத்துக்குளிப்பவரின் மனைவிக்கோ மழைமாதத்தில் அடுப்பு எரிய வேறு பணம் கிடையாது. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929க்குப் பிந்தைய உலக மந்தமும் சந்தையைச் சாய்த்துவிட்டிருந்தன. அதே 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது.

விடுதலை கேட்டு வந்தவர்கள்

வணிகரின் வாய்வழியாக வராத குரல் இந்த ஆவணங்களில் ஓரிடத்தில் கேட்கிறது. தப்பி ஓடிவந்த அடிமைகள் சார்ஜா, பஹ்ரைன், மஸ்கட் முகவர் அலுவலகங்களில் கொடுத்த வாக்குமூலங்களில்தான் அந்தக் குரல். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதப்பட்ட இந்த வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரைப்பக்கம், ஒரு பக்கம். பெயர், வயது, எந்த ஊரில் பிறந்தார், எப்படிக் கடத்தப்பட்டார், யார் யாரிடம் விற்கப்பட்டார், முத்துப் படகில் எத்தனை பருவம் மூழ்கினார், ஏன் ஓடிவந்தார், கடைசியில் விடுதலைச் சீட்டு வேண்டும் என்ற விண்ணப்பம். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்கள், அடிமைப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர்கள், 1920களில் மக்ரான் கரையிலிருந்து பிடித்துவந்து விற்கப்பட்ட பலூச்சிகள் என்று பலதரப்பட்டவர்கள். எழுத்தர் ஒரே அச்சில் எழுதியிருந்தாலும் அடிபட்டது, மனைவியைப் பிரித்து விற்றது, கஞ்சிக்கு வழியில்லாமல் விட்டது எல்லாம் அந்த அச்சை மீறி வெளிவருகின்றன.

போலந்து அறிஞர் யெர்ஸி ஸ்தானோவ்ஸ்கி இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். அமெரிக்க வரலாற்றாளர் மேத்யூ ஹாப்பர், 2015இல் வந்த நூலில், உலகச் சந்தையில் வளைகுடாவின் பேரீச்சைக்கும் முத்துக்கும் எழுந்த கிராக்கியே அடிமைகளின் தேவையைப் பெருக்கியது என்று காட்டினார். அடிமை வணிகத்தை ஒழித்ததாகப் பெருமைகொண்ட நிர்வாகம், முத்துத் தொழில் படுத்துவிடும் என்ற அச்சத்தில் மூழ்கும் அடிமைகளை விடுவிப்பதில் தயங்கியது என்பது அவர் முடிவு. அதே நிர்வாகம் 1920களின் தொடக்கத்தில், விடுதலைச் சீட்டு ஒன்றைப் பறித்துக் கிழித்த அஜ்மான் ஷேக்கின் கோட்டையைப் போர்க்கப்பலால் சுட்டு 1,000 ரூபாய் அபராதம் வாங்கியதும் உண்மை. தன் முத்திரை அவமதிக்கப்பட்டபோது வந்த வேகம், முத்திரை கேட்டு நின்றவர்களுக்காக எப்போதும் வரவில்லை.

பெண்கள் விஷயத்தில் ஆவணம் இன்னும் வறண்டது. துபாயில் ஷேக் சயீதின் மனைவி ஹுஸ்ஸா பின்த் அல் முர் வணிகத்திலும் ஊர் விவகாரத்திலும் செல்வாக்கோடு இருந்தவர். அவரைப் போன்ற ஓரிருவர்தான் பெயரோடு தலைகாட்டுகிறார்கள். குவைத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. 1929 முதல் 1936 வரை அரசியல் முகவராக இருந்த ஹரால்டு டிக்சனின் மனைவி வயலட் பாலைவனக் கூடாரங்களின் பெண்கள் பகுதிக்குள் போய்வந்தார். 1949இல் வந்த டிக்சனின் பாலைவன அரபிகள் பற்றிய நூலுக்கு இருக்கும் செறிவில் வயலட்டின் பங்கு பெரிது.

1938

முத்துச் சந்தை சரிந்து வணிகர் கையில் பணம் வற்றிய நேரம். எண்ணெய்க் கம்பெனிகளும் விமான நிறுவனமும் கொடுத்த பணமோ ஷேக்கின் கைக்கு நேராகப் போனது. அதுவரை வணிகரின் சுங்கத்தையும் கடனையும் நம்பி ஆண்ட ஷேக்குக்கு இனி அவர்கள் தயவு தேவையில்லை. 1938இல் குவைத், துபாய், பஹ்ரைன் மூன்றிலும் வணிகர்கள் எழுந்தார்கள். குவைத்தின் பெரிய குடும்பங்கள் கூடி 14 பேர் கொண்ட சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தன. அது ஆறு மாதம்தான் தாக்குப்பிடித்தது. துபாயில் அக்டோபரில் அமைந்த 15 பேர் மஜ்லிஸ் சுங்கத்தை ஒழுங்குபடுத்தியது, பள்ளி திறந்தது, ஷேக்கின் செலவுக்கு வரம்பு கட்ட முயன்றது. 1939 மார்ச்சில், ஷேக்கின் மகன் ராஷிதின் திருமணத்தை ஒட்டித் துபாயின் தேய்ரா பகுதிக்குள் நுழைந்த ஷேக்கின் ஆட்கள் அதை இரத்தத்தில் முடித்துவைத்தார்கள்.

அதிகாரிகளின் கடிதங்களில் இந்த ஓராண்டு மிகச் செறிவானது. குவைத்தில் முகவர் ஜெரால்டு டி கோரி தொடக்கத்தில் மன்றத்தின்பால் பரிவு காட்டினார். எண்ணெய் ஒப்பந்தம் வரை மன்றம் கைவைக்கக்கூடும் என்று தெரிந்ததும் ரெசிடென்ட் ட்ரெஞ்சார்டு ஃபௌலின் அலுவலகத்துக்குக் கவலை பிறந்தது. ஒப்பந்தங்கள் எல்லாம் ஷேக்கின் தனிக் கையெழுத்தில் இருந்தன. அந்தக் கை பலமாக இருப்பதுதான் வசதி. ஜில் கிரிஸ்டலின் 1990ஆம் ஆண்டு நூல் இந்த மாற்றத்தைக் குவைத்தையும் கத்தாரையும் வைத்துத் தெளிவாக விளக்குகிறது. அதிகாரிகளுக்கு நூறாண்டு காலம் செய்தி கொடுத்த வணிகர் வர்க்கம் அரசியலில் பங்கு கேட்டபோது, அந்த அதிகாரிகள் நின்றது ஷேக்கின் பக்கம்.

எண்ணெய்க்கும் விமானத்துக்கும் தேவைப்பட்ட இடத்தில் புதிய ஷேக்குகளை அங்கீகரிக்கவும் தயக்கம் இருக்கவில்லை. விமானம் அவசரத்துக்கு இறங்க இடம் வேண்டி 1936இல் கல்பாவைத் தனி ஆட்சியாக ஏற்றார்கள். பின்னர் அது சார்ஜாவோடு சேர்ந்தது. புஜைராவுக்கு அங்கீகாரம் 1952இல் கிடைத்தது.

இன்று வரை நீளும் ஒரு ஏற்பாடு

பஹ்ரைனைப் பற்றி அண்மையில் வந்த ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மனாமா நகரின் வரலாற்றை 2009இல் எழுதிய நெலிதா ஃபுக்காரோ, சந்தை, குடியிருப்பு, முஹர்ரம் ஊர்வலம் வழியாக அந்த ஊரைப் பார்க்கிறார். அரசியல் முகவரின் அறிக்கையில் காணாத ஒரு நகரம் அதில் இருக்கிறது. பஹ்ரைனிய அறிஞர் உமர் அல் ஷஹாபி 2019இல் எழுதிய நூல், டேலி போன்ற அதிகாரிகள் மக்களை ஷியா, சுன்னி, பாரசீகர், நஜ்தியர் என்று வகைபிரித்துப் பார்த்ததும், உள்ளூரார் ஷேக்கின் கீழ், வெளியார் பிரிட்டிஷ் முகவரின் கீழ் என்று அதிகாரத்தை இரண்டாக வெட்டியதும் அந்த வேற்றுமைகளுக்கே அரசியல் உருவம் கொடுத்தன என்று வாதிடுகிறது. பிரிவுகள் முன்பே இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, யார் எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தது அதிகாரிகள்தான்.

அல் ஷஹாபியின் இன்னொரு கட்டுரை தமிழருக்கு நேரடியாகத் தொடர்புடையது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் எவரும் அறிந்த கஃபாலா, அதாவது முதலாளியே பொறுப்பாளராக இருந்து தொழிலாளியின் வருகையையும் போக்கையும் கட்டுப்படுத்தும் முறை, பழைய பதூயின் விருந்தோம்பல் மரபிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் நவீன வடிவம் 1920களில் பஹ்ரைனில் பிறந்தது என்கிறார் அவர். முத்துப் பருவத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கண்காணிக்கப் போதிய ஆள்பலம் இல்லாத அதிகாரிகள், அவரவர் ஆளுக்கு அவரவர் நகுதாவே பொறுப்பு என்று விதி செய்தார்கள். எண்ணெய்க் காலத்தில் அந்த விதி கம்பெனிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மாறியது. மற்ற நாடுகளில் அது எப்படிப் பரவியது என்பதில் இன்னும் ஆராய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனாலும் வாதத்தின் அடிப்படை வலுவானது என்றே நினைக்கிறேன். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட அனுபவம் உள்ள குடும்பங்கள் கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் சிவகங்கையிலும் எத்தனையோ உண்டு. அந்த நடைமுறையின் முன்கதையில் ஒரு அத்தியாயம் இந்தக் கோப்புகளில் இருக்கிறது.

ரெசிடென்சியின் ஆவணங்களில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலகத் தொகுப்பில் உள்ளது. கத்தார் அறக்கட்டளையோடு சேர்ந்து அதில் இலட்சக்கணக்கான பக்கங்களை 2014 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். லாரிமரும் சல்தானாவும் விடுதலை வாக்குமூலங்களும் அதில் உண்டு. இந்திய அரசு வைத்துக்கொண்ட பிரதிகள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும், பம்பாய் அரசின் பழைய கோப்புகள் மும்பையிலும் இருக்கின்றன. இவற்றைப் படித்து எழுதுகிறவர்களில் வளைகுடாவுக்கு உழைப்பை அனுப்பிய தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் அரபி கற்பிக்கிறார்கள். அரபிக் கடிதத்தையும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது என்று பார்க்கக்கூடியவர்கள் அங்கே படிக்கும் மாணவர்கள். வரலாற்றுத் துறைகள் அவர்களை அழைத்து இந்தக் கோப்புகளின் முன் உட்கார வைக்க வேண்டும்.